யாரும் பார்க்காத அந்த ஓர் ஆண்டு

2020-ம் ஆண்டின் கார்த்திகையைத் திருவண்ணாமலைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நவம்பர் 29 அன்று மாலை மலை உச்சியில் மகா தீபம் ஏற்றப்பட்டது. ஆனால், கீழே கூட்டம் இல்லை. கொரோனா காலம் என்பதால் வெளியூர் பக்தர்களுக்கும் கிரிவலத்துக்கும் தடை. லட்சக்கணக்கான கால்கள் நடந்து தேயும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் மொட்டை மாடியில் நின்று கும்பிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தீபம் 11 நாட்கள் எரியும். அதன் நான்காம் நாள் டிசம்பர் 2. அன்று காலை 9 மணிக்கு மேல் அதே தொலைக்காட்சிகளில் வேறொரு காட்சி. ஆஸ்திரேலியாவின் கான்பெரா மைதானம். இந்திய அணிக்காக முதன்முறையாகப் பந்து வீச ஓடி வருகிறார், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த ஓர் இடது கை இளைஞர். லபுஷேனின் ஸ்டம்ப் சாய்கிறது. தங்கராசு நடராஜன், சுருக்கமாக நட்டு, சர்வதேசக் கிரிக்கெட்டில் எடுத்த முதல் விக்கெட் அது.

சின்னப்பம்பட்டி ஒன்றும் தூரதேசம் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாக சேலம் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் வந்துவிடும். காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கேயும் இதே வெயில், இதே வறண்ட ஏரி, ஞாயிற்றுக்கிழமையானால் இதே டென்னிஸ் பந்து. அதனால்தான் அந்த விக்கெட், செங்கத்திலும் போளூரிலும் தண்டராம்பட்டிலும் இருக்கும் பையன்களுக்கு யாரோ எடுத்த விக்கெட்டாகத் தெரியவில்லை.

அந்த டிசம்பர் 2-ல் தொடங்கிய நடராஜனின் சர்வதேசப் பயணம், 2021 மார்ச் 28-ல் புனேவில் ஆடிய ஒருநாள் போட்டியோடு நின்றது. கணக்குப் போட்டால் 117 நாட்கள். ஒரு டெஸ்ட், 2 ஒருநாள் போட்டிகள், 4 டி20 போட்டிகள் என மொத்தம் 7 ஆட்டங்கள், 13 விக்கெட்டுகள். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘இவ்வளவா!’ என்று வியப்பவர்களும் உண்டு. இரண்டு கேள்விக்குமான பதில் அந்த 117 நாட்களுக்குள் இல்லை. அதற்கு முன்னால், யாரும் பார்க்காத ஓர் ஆண்டில் இருக்கிறது.

மலைமேல் எரியும் தீபத்தைப் பல மைல் தொலைவிலிருந்து பார்க்கலாம். ஆனால், அந்தக் கொப்பரையையும், ஆயிரம் மீட்டர் காடா துணியையும், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும் 2,668 அடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? நட்டுவின் கதையிலும் அப்படிச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள்.

தறிச்சத்தமும் டென்னிஸ் பந்தும்

அப்பா தறியில் கூலி வேலை. அம்மா சாலையோரத்தில் கோழி வறுவல் கடை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன், பிறந்தது 1991-ல். ஆரணிப் பக்கம் நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வரிகளை விளக்க வேண்டியதில்லை. தறி ஓடினால் கூலி. ஓடாத நாளில் அடுப்படியில் யோசனை.

இப்படிப்பட்ட வீட்டில் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். லெதர் பந்து, பேடு, ஷூ என்று இறங்கினால் செலவு எகிறும். டென்னிஸ் பந்துக்கு ஒரு மட்டையும் காலி நிலமும் போதும். ஏறக்குறைய 20 வயது வரை நடராஜன் வீசியது அந்தப் பந்தைத்தான். ஊர் ஊராக நடக்கும் டோர்னமென்ட்களில் ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்கள். ஃப்ளெக்ஸ் பேனர், ஒலிபெருக்கி, முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு... அந்த உலகமே தனி.

அந்த உலகம் அவருக்குக் கொடுத்த சொத்து யார்க்கர். ஏரியிலும் களத்துமேட்டிலும் எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கும். கொஞ்சம் தூக்கி அடித்தாலே சிக்ஸர். பந்து குத்தி எழும்ப இடம் கொடுத்தால் அடி நிச்சயம். தப்பிக்க ஒரே வழி, மட்டையாளரின் காலடியில், மட்டையின் அடிநுனியில் பந்தை இறக்குவது. ஒரு சாண் முன்னால் விழுந்தால் ஃபுல் டாஸ், ஒரு சாண் பின்னால் விழுந்தால் அரை வாலி. இரண்டும் வேலிக்கு வெளியேதான் போகும். அந்த ஒரு சாண் இடத்தைத் திரும்பத் திரும்பக் குறிபார்த்து அடிக்கப் பழகிய கை அது.

அந்தக் கையைக் கண்டுகொண்டவர் அதே ஊரின் ஜெயப்பிரகாஷ். தானும் கிரிக்கெட் பைத்தியம். தன்னால் எட்ட முடியாத உயரத்தை இந்தப் பையன் எட்டுவான் என்று நம்பினார். பேச்சோடு நிற்காமல் சென்னைக்கு அனுப்பும் வேலையிலும் இறங்கினார். பிற்காலத்தில் நடராஜனின் சட்டை முதுகில் ‘ஜே.பி. நட்டு’ என்று இருந்ததைப் பார்த்தவர்கள் அந்த ‘ஜே.பி.’ யார் என்று தேடினார்கள். அது ஜெயப்பிரகாஷ். தன் பெயருக்கு முன்னால் குருவின் பெயரைப் போட்டுக்கொண்ட சிஷ்யன் நட்டு.

சென்னையில் ஏணியின் கீழ்ப்படியில்தான் இடம் கிடைத்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் போட்டிகளில் பல டிவிஷன்கள் உண்டு. உச்சியில் முதல் டிவிஷன். நடராஜன் தொடங்கியது நான்காம் டிவிஷனில், பி.எஸ்.என்.எல். அணிக்காக. பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி முதல் டிவிஷனுக்கு வந்தார். வெளியூர்ப் பையனுக்குச் சென்னை லீக் என்பது ஆட்டம் மட்டுமல்ல. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு ஜோடி நல்ல ஷூ, வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் பணம் என எல்லாமே அதற்குள் அடக்கம்.

2015 ஜனவரியில் கதவு திறந்தது. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சி ஆட்டம். தமிழ்நாட்டுக்காக முதல் போட்டி. 23 வயது. ஊரில் எல்லாருக்கும் பெருமை.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் கொடுத்தார்கள்.

‘மாங்கா’ என்ற ஒற்றைச் சொல்

தெருக் கிரிக்கெட்டில் இதற்கு ஒரு வார்த்தை உண்டு: மாங்கா. மாமரத்தில் கல் விட்டெறிவதுபோலக் கையை மடக்கிப் பந்தை எறிகிறான் என்று அர்த்தம். தெருவில் அது கேலி. ரஞ்சியில் அது ஒருவரின் வாழ்க்கையையே முடித்துவிடக்கூடிய குற்றச்சாட்டு.

விதி இதுதான்: பந்து வீசும்போது கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்தை விடும் நொடிக்குள் மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது. பந்து வீசும்போது எல்லாருக்கும் முழங்கை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும் என்பதால், சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் 15 டிகிரி வரை விலக்கு தருகிறது. அதைத் தாண்டினால் அது பந்துவீச்சு இல்லை, எறிதல்.

ஜப்பானியர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் நாட்டில் நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி பேஸ்பால். அதில் பந்தை எறிபவருக்கு ‘பிட்சர்’ என்று பெயர். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து, முழங்கையை நன்றாக மடக்கிச் சாட்டை சொடுக்குவதுபோல வீசுவதுதான் அவர் கலை. அங்கே எது கலையோ அது இங்கே பிழை. இரண்டு விளையாட்டுக்கும் இருப்பது ஒரே முழங்கைதான். அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில்தான் வித்தியாசம்.

டென்னிஸ் பந்தில் வளர்ந்த கைகளுக்கு இந்த ஆபத்து உண்டு என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். டென்னிஸ் பந்தின் எடை 58 கிராம் அளவுக்குத்தான். கிரிக்கெட் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை. லேசான பந்தில் வேகம் வர வேண்டுமானால் கையை ஒரு வெட்டு வெட்ட வேண்டும். பத்து ஆண்டுகள் அப்படி வெட்டிப் பழகிய கைக்குத் தான் செய்வது தப்பு என்றே தெரியாது. தவறான ஸ்ருதியில் சின்ன வயதிலிருந்து பாடியவரிடம், 23 வயதில் ‘மறுபடி சரளி வரிசையிலிருந்து தொடங்கு’ என்று சொல்வதைப் போன்றது அது.

நடராஜன் அப்படித்தான் தொடங்கினார். தமிழ்நாட்டின் முன்னாள் வீரர்களான சுனில் சுப்ரமணியம், டி.வாசு, எம்.வெங்கடரமணா ஆகியோர் அவருடைய பந்துவீச்சைச் சரிசெய்ய உதவினார்கள்.

வேகப்பந்து வீச்சாளரின் ஓட்டம், குதிப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை மாற்றினால் மற்றவை தானாகக் குலையும். முழங்கையை நேராக்கினால் வேகம் போகும். வேகத்தைக் கூட்டினால் குறி தப்பும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது பழைய பழக்கம் பின்வாசல் வழியாக வந்து நிற்கும். முதலில் நடந்து வந்து வீச வேண்டும், பிறகு மெல்ல ஓடி, அப்புறம் முழு ஓட்டம். ஆளில்லாத வலைக்குள் ஒரு ஸ்டம்பைப் பார்த்துக்கொண்டு அதே பந்தை ஆயிரம் முறை வீச வேண்டும். இதற்குக் கைதட்டல் கிடையாது, ஸ்கோர் போர்டு கிடையாது.

வீட்டில் கேட்பார்கள், ‘டீம்ல இருக்கியாப்பா?’ என்று. ஊர்க்காரர்கள் கேட்பார்கள், ‘என்னப்பா, பேப்பர்ல பேரையே காணோம்?’ என்று. வெளியூர் போய்ப் படிக்கும், வேலை தேடும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கேள்விகளின் எடை தெரியும். 58 கிராம் இல்லை, 163 கிராமும் இல்லை. அதைவிடப் பெரிய கனம்.

கிட்டத்தட்ட ஓர் ஆண்டு அப்படிப் போனது. அங்கேயே நின்றுவிட்டிருந்தால் நடராஜன் என்ற பெயர் சின்னப்பம்பட்டியைத் தாண்டியிருக்காது. நாட்டில் அப்படி நின்றுபோன கைகள் எத்தனையோ.

ஆறு பந்து, ஆறு யார்க்கர்

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதன்முறையாகத் தொடங்கியது. நடராஜன் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில். தூத்துக்குடி அணியுடனான ஆட்டம் சமனில் முடிந்து சூப்பர் ஓவருக்குப் போனது. பந்து நட்டுவின் கையில். ஆறு பந்துகளையும் யார்க்கராக இறக்கினார். புதிய முழங்கை, பழைய குறி. தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் நடந்ததால் அந்த ஓவர் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பேசப்பட்டது.

அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலம். அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு! பத்திரிகைகள் எல்லாம் ‘கூலித் தொழிலாளி மகனுக்கு மூன்று கோடி’ என்று எழுதின. ஆனால், அந்த சீசனில் 6 ஆட்டங்களில் கிடைத்தவை 2 விக்கெட்டுகள்தான். அடுத்த ஏலத்தில் விலை 40 லட்சம். எடுத்த அணி ஹைதராபாத். 2018, 2019 என இரண்டு சீசன்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் யார் தெரியுமா? கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன். ‘மாங்கா’ என்ற சொல்லை உலகிலேயே அதிகம் சுமந்தவர். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் மைதானத்தில், ஆயிரமாயிரம் பேர் முன்னிலையில், அவர் பந்துகளை ‘நோ பால்’ என்று அறிவித்தார் நடுவர் டேரல் ஹேர். ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாகக் கையைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் 2010-ல் ஓய்வு பெற்றபோது டெஸ்ட் விக்கெட்டுகள் 800. முழங்கையால் சோதிக்கப்பட்ட ஒருவருக்கு, அதே சோதனையைத் தாண்டிய இன்னொருவர் பயிற்சியாளராக வாய்த்தார்.

2020 ஐ.பி.எல். ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. புவனேஷ்வர் குமார் காயத்தால் விலக, கடைசி ஓவர்களின் பாரம் நட்டுவின் தோளில் விழுந்தது. 16 ஆட்டங்கள், 16 விக்கெட்டுகள். நவம்பர் 6 அன்று அபுதாபியில் ஏ.பி.டிவில்லியர்ஸை ஒரு யார்க்கரில் கிளீன் போல்டாக்கியது இன்றும் பேசப்படும் பந்து. அந்த நாட்களில்தான் ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் முகம் பார்க்கப் போகவில்லை. அங்கிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்கு விமானம்.

போகும்போது அவருக்கு எழுதப்பட்டிருந்த வேலை, வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து போடுவது. பிறகு வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம், டி20 அணியில் இடம் கிடைத்தது. நவ்தீப் சைனிக்கு முதுகுப் பிடிப்பு, ஒருநாள் அணியில் இடம். உமேஷ் யாதவுக்குக் காயம், டெஸ்ட் அணியில் இடம். ஒருவர் பின் ஒருவராகக் கதவுகள் திறந்தன. ‘அதிர்ஷ்டம்’ என்றார்கள். கதவு திறப்பது அதிர்ஷ்டமாக இருக்கலாம். திறக்கும் நேரத்தில் வாசலில் தயாராக நிற்பதற்கு வேறு பெயர்.

முதல் டி20-யில் 3 விக்கெட், தொடரில் மொத்தம் 6 விக்கெட். மூன்று ஆட்டங்களும் டிசம்பர் 4, 6, 8 தேதிகளில், அண்ணாமலையார் மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்த நாட்களிலேயே முடிந்தன. தொடர் நாயகன் விருதை வாங்கிய ஹர்திக் பாண்டியா, ‘இது உனக்குத்தான் சேர வேண்டும்’ என்ற பொருளில் கோப்பையை நட்டுவின் கையில் கொடுத்தார்.

2021 ஜனவரி 15. பிரிஸ்பேன் காபா மைதானம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட்டில் தோற்றதே இல்லை. பும்ரா இல்லை, ஷமி இல்லை, அஸ்வின் இல்லை, ஜடேஜா இல்லை. இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரராக நடராஜன் இறங்கினார். 301-வது வீரர் இன்னொரு தமிழர், வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் நட்டுவுக்கு 3 விக்கெட். அவற்றில் ஒன்று சதமடித்த லபுஷேன். ஐந்தாம் நாள் 328 ரன் இலக்கை எட்டி இந்தியா வென்றது, தொடர் 2-1. கேப்டன் ரஹானே கோப்பையை வாங்கி நேராக நடராஜனிடம் நீட்டினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய ரதம், மேளதாளம், மாலை. அப்புறம் மகளின் முகம். அந்த மாதமே பழனிக்குப் போய் முடி காணிக்கை கொடுத்தார்.

உடம்பு எழுதும் கணக்கு

மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. 90 ரன்களைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்த சாம் கரன் எதிரே. நட்டு கொடுத்தது 6 ரன்தான். இந்தியா 7 ரன்னில் வென்றது. அவருடைய இந்தியச் சட்டையின் கடைசி ஓவர் அதுவாக இருக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை. ஐ.பி.எல். பாதியில் போயிற்று. செப்டம்பரில் திரும்பி வந்தால் கொரோனா. வேகப்பந்து வீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த மூட்டில் இறங்குகிறது. ஒரு நாளைக்கு நூறு பந்து என்றால் நூறு இடி. கை வீசுகிறது. கணக்கைக் காலும் முதுகும் எழுதி வைக்கின்றன.

இதை ஜப்பானியர்கள் ஒரு பெரிய பாடமாகப் படித்தார்கள். அங்கே பள்ளி மாணவர்களின் கோஷியன் பேஸ்பால் போட்டி நாடே பார்க்கும் திருவிழா. 1998 ஆகஸ்டில் டைசுகே மட்சுசாகா என்ற யோகஹாமா பள்ளி மாணவர், காலிறுதியில் 17 இன்னிங்ஸ் ஆட்டம் முழுக்கத் தானே வீசினார். மொத்தம் 250 பந்துகள்! அதற்கு முந்தின நாள் 148. அடுத்து இறுதிப் போட்டியில் எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’ கூடக் கொடுக்கவில்லை. நாடு அழுது கொண்டாடியது. அமெரிக்காவின் பாஸ்டன் அணி அவருடன் பேசும் உரிமைக்கே 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2007-ல் அந்த அணியோடு உலகத் தொடர் வெற்றி. 2011-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு பழைய கை திரும்பவில்லை. 2021 அக்டோபரில் விடைபெறும் ஆட்டத்தில் ஐந்து பந்துதான் வீசினார், வேகம் மணிக்கு 118 கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

பள்ளி நாட்களின் 250 பந்துகள் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஜப்பான் யோசித்தது. 2020 முதல் பள்ளிப் போட்டிகளில் ஒரு பையன் ஒரு வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று எல்லை போட்டது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வளரும் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதில் தொடர்ச்சியாக 6, நாளில் 12. 16, 17 வயதில் தொடர்ச்சியாக 7, நாளில் 18. வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்து இரண்டு நாட்களுக்கு மேலும் வேண்டாம்.

வீட்டில் வேகமாகப் பந்து போடும் பிள்ளை இருந்தால் இந்த எண்களைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் ‘ஒரு மேட்ச்சுக்கு ரெண்டு ஓவர்தானே’ என்று தோன்றும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐந்து ஆட்டம் என்றால் அது பத்து ஓவர். மறுநாள் பள்ளி மைதானத்தில் இன்னொரு பத்து. முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் ‘தைலம் தேய்ச்சுக்கோ’ என்று முடித்துவிடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அதேபோல, ‘மாங்கா’ என்று நண்பர்கள் கேலி செய்தால் சிரித்து விட்டுவிடாமல், செல்போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்து ஒரு பயிற்சியாளரிடம் காட்டலாம். 13 வயதில் ஒரு மாதத்தில் திருந்தும் பிழை, 23 வயதில் ஓர் ஆண்டைத் தின்றுவிடும்.

கூப்பிடாத அழைப்பு

நடராஜன் முழங்கால் சிகிச்சைக்குப் பிறகும் எழுந்தார். 2022 ஐ.பி.எல்.லில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட். 2024-ல் 14 ஆட்டங்களில் 19 விக்கெட். டெல்லிக்கு எதிராக 4 ஓவரில் 19 ரன்னுக்கு 4 விக்கெட், அதிலும் 19-வது ஓவரில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஹைதராபாத் இறுதிப் போட்டி வரை போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது. ஆனால், அதற்கடுத்த சீசனில் ஆடக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள்.

இந்திய அணியிலிருந்து மறு அழைப்பு வரவில்லை. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இதில் ஆதங்கம் உண்டு. ‘இவரைவிடக் குறைவாக ஆடியவர்களுக்கு இடம் கிடைத்ததே’ என்று டீக்கடையில் பட்டியல் போடுவார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. அர்ஷ்தீப் சிங் போன்ற இளைய இடது கை வீச்சாளர்கள் வந்துவிட்டார்கள். 20 வயதுக்குப் பிறகு லெதர் பந்தைத் தொட்டவர், 23-ல் ஓர் ஆண்டை முழங்கைக்கும், 26, 27-ல் இரண்டு சீசனை பெஞ்சுக்கும், 30-ல் ஓர் ஆண்டை முழங்காலுக்கும் கொடுத்திருக்கிறார். மற்றவர்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடைக்கும் இடத்தில் அவருக்குக் கிடைத்தது இடுக்கு.

அந்த இடுக்கு ஏன் அத்தனை சிறியதாக இருந்தது என்பதை அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? திறமை இல்லாமல் இல்லை, உழைப்பு இல்லாமல் இல்லை. ஊரில் ஒரு நல்ல ஆடுகளம் இல்லை. சரியான பந்து, சரியான வயதில், சரியான ஆளின் கண்ணில் பட வழியில்லை. ஜெயப்பிரகாஷ் என்ற ஒரு மனிதர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஒரு மாவட்டத்தின் திறமை ஒரே ஒரு நல்ல மனிதரை நம்பி இருப்பது பெருமையா, பயமா?

நடராஜன் இதற்குப் பேட்டியில் பதில் சொல்லவில்லை, நிலத்தில் சொன்னார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் நடராஜன் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். நடுவில் நான்கு ஆடுகளங்கள், பயிற்சிக்குத் தனி ஆடுகளங்கள், உடற்பயிற்சிக்கூடம், உட்கார்ந்து பார்க்கச் சின்ன கேலரி. சென்னைக்குப் போய் நான்காம் டிவிஷனில் தொட வேண்டியிருந்ததை, இப்போது அந்த ஊர்ப் பையன் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் போய்த் தொடலாம்.

13 விக்கெட்டுகள் புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த மைதானத்தில் இன்று லெதர் பந்தைக் கையில் பிடிக்கும் பத்து வயதுப் பையனுக்கு முழங்கை மடங்கினால், அன்றே ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார், ‘தம்பி, கையை நேரா கொண்டு வா’ என்று. அவனுக்கு அந்த ஓர் ஆண்டு மிச்சம்.